மலை போனால் எதைச் சுற்றுவது?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒரு தங்கை என்னை நன்றாக மடக்கிவிட்டாள். நான்காம் படிவம் படிக்கிற பிள்ளை. வழக்கமாகப் பின் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியை மடியில் மறைத்து வைத்துக்கொள்ளும் ரகம். அன்றைக்கு என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பாடத்தின் தலைப்பு தீர்த்த யாத்திரை. காசி, ராமேஸ்வரம், பழனி என்று பட்டியல் போட்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் வட இந்தியாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். கண்ணன் வளர்ந்த பிரஜ பூமியில் இரண்டு மலைகளை உடைத்துக் கொண்டிருந்தார்கள், அதைத் தடுக்க ஒரு சாது தன் உயிரையே விட்டுவிட்டார் என்று. வகுப்பு அமைதியானது. நல்லா போகுதுன்னு உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "அண்ணே, போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, கடவுள் தூணிலும் இருப்பார் துரும்பிலும் இருப்பார்னு? அப்ப மலையை உடைச்சா, உடைஞ்ச கல்லுலயும் அவர்தானே இருப்பாரு? ரோட்டுல போட்டாலும் இருப்பாரு. அப்புறம் எதுக்கு அந்தச் சாமியார் செத்தாரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "நல்ல கேள்வி, அடுத்த வாரம் பேசுவோம்" என்று தப்பித்தேன். அடுத்த வாரமும் பேசவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்குத் தாமதமாகக் கொடுக்கிற பதில். பதில் என்றுகூடச் சொல்ல முடியாது, நான் எங்கெல்லாம் முட்டிக்கொண்டேன் என்பதன் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சம்பவத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் அவசரத்தில் பாதியை விட்டுவிட்டேன்.

பிரஜ பூமி என்றால் மதுரா, பிருந்தாவனம் மட்டும் இல்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து ராஜஸ்தானுக்குள்ளும் அது நீள்கிறது. அந்தப் பூமி முழுவதையும் கால்நடையாகச் சுற்றி வருவதை '84 கோஸ் பரிக்கிரமா' என்கிறார்கள். ஒரு கோஸ் மூன்று கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டாலே 250 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கோவர்த்தன மலையை மட்டும் சுற்றுவது ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அதையே சிலர் நம் அங்கப்பிரதட்சணம் மாதிரி விழுந்து விழுந்து எழுந்து சுற்றுகிறார்கள். 108 கற்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் 108 தடவை விழுந்து வணங்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லை நகர்த்தி, அதன் பிறகுதான் ஒரு உடல் நீளம் முன்னேறுகிறவர்களும் இருக்கிறார்கள். நாம் பத்துமலையில் 272 படி ஏறிவிட்டு 'முட்டி போச்சு'ன்னு சொல்கிறோம்!

இந்தப் பெரிய சுற்றின் ராஜஸ்தான் பக்கத்தில் ஆதி பத்ரி, கனகாசல் என்று இரண்டு மலைப்பகுதிகள் இருக்கின்றன. உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களில் ஒன்றான ஆரவல்லியைச் சேர்ந்தவை. அங்குள்ள கல் வீட்டுக்கும் ரோட்டுக்கும் உதவும். அதனால் குவாரிகள் வந்தன, கல் உடைக்கும் எந்திரங்கள் வந்தன, லாரிகள் வந்தன. 2009ஆம் ஆண்டிலேயே டீக், காமன் வட்டங்களில் 5,000 ஹெக்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி வனமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எல்லாம் அதற்குள் வரவில்லை. விடுபட்ட பகுதியில் வெடி தொடர்ந்தது. ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் குவாரிகள் உரிமம் பெற்றவை, சட்டப்படி நடப்பவை என்றுதான் அரசு சொன்னது. இருட்டில் திருடிய கதை மட்டும் இல்லை இது.

2021 ஜனவரியில் பசோபா என்ற கிராமத்தில் சாதுக்களும் ஊர் மக்களும் தர்ணா உட்கார்ந்தார்கள். ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று 500 நாளைத் தாண்டியது. 2022 ஜூலை 19 அன்று ஒரு சாது கைப்பேசிக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தார். மறுநாள், போராட்டத்தின் 551ஆம் நாள், விஜய் தாஸ் என்ற சாது தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தத் தீக்குப் பிறகுதான் விடுபட்ட 757 ஹெக்டரையும் வனமாக்குவோம் என்று அரசு உறுதி கொடுத்தது. நடந்துகொண்டிருந்த குவாரிகளை வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றியும் பேச்சு வந்தது.

'வேறு இடத்துக்கு'. இந்த இரண்டு சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இனி தங்கையின் கேள்வி. கடவுள் எங்கும் இருக்கிறார் என்பது நம் சமயத்தின் சாதாரணப் பேச்சு இல்லை, அடித்தளமே அதுதான். ஈசாவாஸ்ய உபநிடதம் தொடங்குவதே அந்தக் கருத்தில்தான். அப்படியானால் ஒரு மலை மட்டும் ஏன் உசத்தி?

நான் முதலில் எடுத்துக்கொண்ட பதில், நம் பெரியவர்கள் சொல்லும் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்று. மூர்த்தியை நகர்த்தலாம். திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிகமாக வேறு இடத்தில் வைக்கிறோம். தீர்த்தத்தைச் சொம்பில் எடுத்து வரலாம், கங்கை நீர் நம் வீட்டுப் பூஜை அறையிலேயே செப்புக் குடுவையில் இருக்கிறது. தலத்தை மட்டும் எடுத்துப் போக முடியாது. அது அங்கேதான் இருக்கும், நாம்தான் போக வேண்டும். யாத்திரை என்ற ஒன்று இருப்பதற்குக் காரணமே அது. சாமி வீட்டுக்கே வந்துவிட்டால் எதற்கு நடை?

இதை எழுதி வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள்தான். பிறகு என் பதிலே என்னைக் குத்தியது.

ஏனென்றால் ஆதி பத்ரியின் கதையே வேறு மாதிரி சொல்கிறது. நந்தகோபருக்கும் யசோதைக்கும் வயதாகிவிட்டது. பத்ரிநாத், கேதார்நாத் எல்லாம் போக ஆசை. ஆனால் இமயம் ஏற உடம்பில் தெம்பு இல்லை. கண்ணன் என்ன செய்தான்? "நீங்க போக வேண்டாம்மா, எல்லாத் தீர்த்தமும் இங்கேயே வரும்" என்று தலங்களையே பிரஜத்துக்கு வரவழைத்தான். அதனால்தான் அங்கே ஒரு பத்ரி, ஒரு கேதாரம். அதாவது நம் மரபே தலம் இடம் மாறும் என்று சொல்கிறது!

நம் கதையும் அதுதானே? பழனிக்குப் போகக் கப்பல் காசு இல்லாத சனம் இந்த நாட்டில் ஒரு சுண்ணாம்புக் குன்றைப் பார்த்தது. குகை வாய் வேல் மாதிரி தெரிந்தது. தம்புசாமி பிள்ளை அங்கே முருகனை வைத்தார். 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கிறது. பத்து என்றால் மலாயில் கல், நாம் அதைப் பத்துமலை என்று நம் நாக்குக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டோம். முருகன் பழனியிலிருந்து பத்துமலைக்கு வந்தார் என்றால், பத்துமலையிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகமாட்டாரா? 'இடமாற்றம்' என்ற சொல் இந்த நாட்டு இந்துக்களுக்குப் புதுசா என்ன? எத்தனை தோட்டத்துக் கோயில்களின் கடிதங்களில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறோம்.

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் சொல்லாமல் விட்ட பாதியில் அதுவும் ஒன்று.

தாத்தாவுக்கு இப்போது 81 வயது. ஈப்போ பக்கம் ஒரு சுண்ணாம்புக் கல் குவாரியில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டினார். என் அப்பாவும் அத்தைமாரும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள். நான் இந்தக் கட்டுரை எழுதுகிற அளவுக்குத் தமிழ் படித்ததும் அதன் தொடர்ச்சிதான். சுருக்கமாகச் சொன்னால், நான் உடைந்த மலையில் சோறு சாப்பிட்டு வளர்ந்தவன். தைப்பூசத்துக்கு அதே தாத்தா ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்தார், பதினோரு வருடம். வாரத்தில் ஆறு நாள் ஒரு மலையை ஏற்றி இறக்குவார், வருடத்தில் ஒரு நாள் இன்னொரு மலையைக் கும்பிடுவார். அவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. எனக்கும் அண்மைக் காலம் வரை தெரியவில்லை.

போன மாதம் வகுப்பு முடிந்த வாரம், பசியாறிக்கொண்டிருக்கும்போது அவரிடம் கேட்டேன். "தாத்தா, குவாரில சாமி கும்பிட்டீங்களா?"

"கும்பிடாம? அங்கேயே முனீஸ்வரர் இருந்தாரு. மலை அடிவாரத்துல, பாறைக்கு ஒட்டுனாப்புல. சங்கு ஊதி வெடி வைக்கிறதுக்கு முன்னால ஒரு சூடம். முதல் லோடு எடுக்கிறப்ப பாறையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவேன். ஆயுத பூஜைக்கு லாரிக்குப் பூசணிக்காய் உடைப்போம்."

"அந்தக் கோயில் இப்ப இருக்கா?"

தாத்தா ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே இருந்தார். "மூணு தடவை நகர்த்துனோம். பாறையை வெட்ட வெட்ட மலை பின்னால போயிட்டே இருக்குமில்ல, அவரையும் கூடவே பின்னால கொண்டுபோய் பாறைக்கு ஒட்டி வைப்போம். முறையாத்தான் செஞ்சோம், ஐயர் வந்து கும்பத்துல இறக்கித்தான் செஞ்சாரு. கடைசியா மலை தீர்ந்துபோச்சு. பள்ளத்துல தண்ணி நிறைஞ்சு குளமாயிடுச்சு. அவரைக் கரையில வச்சோம், தகரக் கொட்டாய் போட்டு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாமி என்னவோ நம்ம கூடத்தான் வந்தாரு. ஆனா சாய்ஞ்சுக்க ஒண்ணும் இல்லாமப் போச்சுடா அவருக்கு" என்றார்.

நான் படித்த எந்தப் புத்தகத்தைவிடவும் இந்தக் கடைசி வரி என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது.

ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கண்ணன் பத்ரியைப் பிரஜத்துக்குக் கொண்டுவந்தபோது இமயத்தில் இருந்த பத்ரி அழியவில்லை. முருகன் பத்துமலைக்கு வந்தபோது பழனி தரைமட்டமாகவில்லை. ஒரு மலை இரண்டாயிற்று. நடக்க முடியாத பெற்றோருக்காக, கப்பல் ஏற முடியாத கூலிக்காக, அன்பினால் பெருகியது. அப்படிப் பெருகுவதற்கும் அங்கே ஏற்கெனவே நிற்கிற இன்னொரு மலை தேவைப்பட்டது. கனகாசலும் பத்துமலையும் சும்மா நின்றுகொண்டிருந்ததால்தான் கதை அங்கே வந்து உட்கார்ந்தது. குவாரிக்காக நகர்த்துவதில் எதுவும் பெருகுவதில்லை. ஒன்று போகிறது, அதற்கு ஈடாக ஒரு தகரக் கொட்டாய் வருகிறது. இரண்டையும் நாம் 'இடமாற்றம்' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம்.

பரிக்கிரமா என்பதை யோசித்துப் பாருங்கள். வலம் வருவது என்றால் ஒன்றை நம் வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடப்பது. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை, பள்ளம்தான் என்றால் எதைச் சுற்றுகிறோம்? உடைந்த கல்லிலும் கடவுள் இருப்பார், தங்கை சொன்னது சரி. ரோட்டில் போட்ட கல்லிலும் இருப்பார். கடவுளுக்கு ஒரு குறையும் வராது. குறை வருவது நமக்குத்தான், சுற்றுவதற்கும் ஏறுவதற்கும் நின்று பார்ப்பதற்கும் இடம் இல்லாமல் போகிறவர்களுக்கு. மலையைக் காப்பது கடவுளுக்குச் செய்யும் உதவி என்று நினைத்ததில்தான் நான் வகுப்பில் சறுக்கினேன்.

கோவர்த்தன கதையும் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. சின்ன வயதில் படக்கதையில் பார்த்தது சுண்டு விரலில் மலை. அதற்கு முன்னால் நடந்த பேச்சை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், இந்திரனுக்கு யாகம் செய்யப் புறப்பட்ட ஆயர்களைக் கண்ணன் தடுக்கிறான். நமக்கு நகரம் இல்லை, நாடு இல்லை, நாம் காட்டிலும் மலையிலும் வாழ்கிறவர்கள், மாடுகளையும் இந்த மலையையும் கும்பிடுவோம் என்கிற பொருளில் வாதாடுகிறான். வானத்தில் இருக்கிற பெரிய அதிகாரியைவிட, புல்லும் தண்ணீரும் கொடுக்கிற பக்கத்து மலைக்கு நன்றி சொல் என்கிறான். அந்த மலையும் ஒன்றும் கயிலை மாதிரி பிரமாண்டம் இல்லை. நீளமான, தாழ்ந்த குன்று. பக்தர்கள் பலர் அதன்மேல் காலை வைக்கவே மாட்டார்கள். புலஸ்திய முனிவரின் சாபத்தால் அது தினமும் ஒரு கடுகளவு தேய்கிறது என்று ஒரு கதை உண்டு. தினம் ஒரு கடுகு! ஒரு குவாரி லாரியில் எத்தனை கடுகு போகும் என்று கணக்குப் பாடத்தில் கேட்கலாம்.

சரி, அப்படியானால் எந்த மலையையும் தொடக்கூடாது என்று சொல்லிவிடலாமா? இதுதான் எனக்குக் கஷ்டமான இடம்.

பத்துமலை அடிவாரத்தில் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். 2006 ஜனவரியில் திறந்தார்கள். அதற்குள் 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் இரும்புக் கம்பியும் இருக்கின்றன. கான்கிரீட் எதிலிருந்து வருகிறது? சிமெண்டிலிருந்தும் கல்லிலிருந்தும் மணலிலிருந்தும். சிமெண்ட் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அரைத்தது. அதாவது ஒரு சுண்ணாம்பு மலைக்கு முன்னால், எங்கோ இருந்த இன்னொரு சுண்ணாம்பு மலையின் துண்டு முருகனாக நிற்கிறது. 1940இல் கட்டிய அந்தப் படிகளும் கான்கிரீட்தான். நான் குறை சொல்லவில்லை. அந்தச் சிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்த யாரோ ஒரு தாத்தாவைப் பாவி என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லில் ஏறி நின்று மலையைக் காப்போம் என்று கத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

பத்துமலையையே ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1980களில்தான் அந்தக் குவாரி வேலை நின்றது. இன்றும் மலையைச் சுற்றி வந்தால் வெட்டுப்பட்ட இடங்கள் தெரியும். முன்பக்கம் மட்டும் போய் வருகிற நமக்கு அது தெரிவதில்லை. நம்மில் எத்தனை பேர் பத்துமலையை ஒரு தடவையாவது சுற்றி வந்திருக்கிறோம்? திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்ப் படம் போடுகிறோம். இங்கே படியேறி, செல்பி எடுத்து, இளநீர் குடித்துவிட்டுக் காடியைத் தேடுகிறோம்.

ஆக, கல் வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது, அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் கேள்வி. சட்டப்படி உரிமம் இருக்கிறது என்பது கேள்வியின் முடிவு ஆகாது. பசோபாவில் உரிமம் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிற மேசையில், பல நூறு வருடமாக அந்த மலையைச் சுற்றி நடந்தவர்களுக்கு நாற்காலி இருந்ததா?

ஒடிசாவில் ஒரு தடவை அந்த நாற்காலியைப் போட்டார்கள். நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்க ஒரு பெரிய நிறுவனம் வந்தது. அங்கே வாழும் டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலை நியம்ராஜாவின் இருப்பிடம். 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், அவர்களுடைய வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பார்த்துச் சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அந்த மக்கள் இந்துக்களா, இல்லையா என்று ஒரு விவாதம் எப்போதும் ஓடுகிறது. எனக்கு அது இந்த இடத்தில் தேவையில்லாத விவாதம். அந்த மலைக்கு யார் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களோ, அவர்களைக் கேட்டார்கள். அது போதும்.

இதையே திருப்பி நம்மைப் பார்த்தும் கேட்க வேண்டும். பத்துமலைக் குகைகளில் நமக்கு முன்னால் தெமுவான் பூர்வகுடி மக்கள் ஒதுங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சீனர்கள் தோட்டத்து உரத்துக்காக வௌவால் எச்சம் அள்ளினார்கள். வெளியுலகுக்கு அந்தக் குகைகள் தெரியவந்தது 1878க்குப் பிறகு. நமக்கு அங்கே வரலாறு 130 வருடத்துக்குச் சற்று மேல். மலையின் வயது ஏறத்தாழ 40 கோடி வருடம் என்கிறார்கள். பக்கத்து இருட்டுக் குகையில், குழிக்கு மூடி போட்டு உள்ளே காத்திருக்கும் ஓர் அரிய சிலந்தி இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே பத்து என்ற சொல் சேர்ந்திருக்கிறது. அந்தச் சிலந்திக்குத் தைப்பூசம் தெரியாது. நாம் 'எங்கள் மலை' என்று சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தணித்துச் சொல்லலாம். தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? நெகிழிப் பையும் பாலிஸ்டிரின் பெட்டியும் கிடக்கிற கோலத்தைப் பார்த்தால், மலைக்குக் குவாரிக்காரன் மட்டும்தான் எதிரி என்று சொல்ல வராது.

விஜய் தாஸைப் பற்றி இன்னும் ஒன்று. இதை நான் வகுப்பில் சொன்ன விதம் தப்பு. ஒரு வீரக் கதை மாதிரி சொல்லிவிட்டேன். பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தச் சாதுவின் பக்தியை அளக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவர் செய்தது வழி என்று நான் சொல்லமாட்டேன். உடம்பும் ஒரு தலம்தான். அதையும் எடுத்துப் போய் வேறு இடத்தில் வைக்க முடியாது. அவர் இறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அந்த மலையைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். மலைக்கு வேண்டியதும் அதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. 550 நாள் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பதும் ஒரு தவம்தான். அந்த 550 நாளில் ஒரு நாள்கூட எனக்கு அது தெரியாது. தீ எரிந்த பிறகுதான் என் கைப்பேசிக்கு அது வந்தது. நானும் பகிர்ந்தேன், கும்பிடுகிற கைப்படம் இரண்டு போட்டு. ஒரு மனிதர் எரிந்தால்தான் நாம் திரும்பிப் பார்ப்போம் என்றால், அந்தத் தீயில் நம் பங்கு எவ்வளவு? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி அந்த இரண்டு சொல். குவாரியை 'வேறு இடத்துக்கு' மாற்றுவது. ஆதி பத்ரி தப்பித்தது என்றால் வேறு ஏதோ ஒரு மலை மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த மலைக்குக் கதை இருக்காது, சாது இருக்கமாட்டார், 84 கோஸ் பாதை அதன் பக்கம் போகாது. எங்கள் ஈப்போ பக்கத்தில் அப்படிப் போன மலைகள்தான் அதிகம். தாத்தா ஏற்றியதும் அப்படி ஒரு மலைதான். அதற்குப் பெயர் இருந்ததா என்று கேட்டேன். "மேப்புல இருந்திருக்கும். நாங்க குவாரி மலைன்னுதான் சொல்வோம்" என்றார்.

போன சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு பத்துமலைக்குப் போனேன். படியேறவில்லை. கீழே ஒரு சூடம் ஏற்றிவிட்டு, மலையை வலப்பக்கம் வைத்து ரோட்டோரமாக நடந்தோம். நல்ல வெயில். பட்டறைகளும் கடைகளும் அடுக்குமாடிகளும் குறுக்கே வந்து, பல இடத்தில் மலை கண்ணுக்கே தெரியவில்லை. ஓரிடத்தில் பாறை ஏறுகிறவர்கள் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார்கள், பையன்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். இன்னோர் இடத்தில் மலை கத்தியால் நறுக்கியது மாதிரி நேராக நின்றது. அந்தத் தங்கை கிட்டே போய்ப் பாறையில் கை வைத்துப் பார்த்தாள். "சூடா இருக்குண்ணே" என்றாள். பிறகு, "உங்க தாத்தா ஓட்டுன மலைக்கு நாம பேரு வைக்கலாமா?" என்றாள்.

மலைதான் இல்லையே என்றேன்.

"குளம் இருக்குல்ல?"

வரும் ஞாயிறு அவளே பாடம் எடுக்கிறாள், நான் பின் வரிசையில் உட்காரப் போகிறேன். தாத்தாவைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறாள். தாத்தாவிடம் கேட்டேன். "என்னத்தைப் பேசுறது நானு? லாரி ஓட்டுனதையா?" என்றார். ஆனால் நேற்று மாலை வெள்ளை வேட்டியை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டிருந்தார்.